சிவந்த உச்சி போன கோடையின் கதை: பைன் தோப்புகளில் சைரெக்ஸ் குளவியைக் கண்டறிதல்

வாசகர் ஒருவரின் கேள்வி, 4 பிப்ரவரி 2023

ராடியாட்டா பைன் தோப்புகளில் மரக்குளவி புகுந்துவிட்டதா என்று பார்க்க, இன்னமும் ஆட்களை வரிசை வரிசையாக நடக்கவிடுவது ஏன்? வாசனைப் பொறிகள் இருக்கின்றன, ட்ரோன்கள் இருக்கின்றன. செத்துக்கொண்டிருக்கும் மரம் மேலிருந்து பார்த்தாலே சிவப்பாகத் தெரிந்துவிடும். நல்ல மரத்துக்கு நாமே மருந்து வைத்து, அதை நோகடித்துப் பூச்சியை வரவழைக்கும் பழைய முறையை இனி விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

4 பிப்ரவரி 2023, இரவு

நான் தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியரைச் சுற்றியுள்ள பைன் தோப்புகளில் பன்னிரண்டு ஆண்டுகளாக மரங்களின் நலம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கருத்து அலுவலக மேசையில் அடிக்கடி கேட்கும் கருத்துதான். தோப்புக்குள் இறங்கிப் பார்த்தவர்களிடம் அதைக் கேட்பது அரிது.

சைரெக்ஸ் நோக்டிலியோ என்னும் இந்த மரக்குளவிக்குச் சொந்த ஊர் ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா. அங்கே அது யாருக்கும் பெரிய தொல்லை தருவதில்லை. இங்கே, கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த ராடியாட்டா பைனை ஒரே வயதில், ஒரே நெருக்கத்தில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை நட்டு வைத்திருக்கிறோம்; அதற்கு விருந்து வைத்ததுபோல் ஆயிற்று. பெண் குளவி தன் ஊசியைப் பட்டை வழியாக மரத்துக்குள் இறக்கி, நச்சுப் பசையையும் ஒரு பூஞ்சையின் வித்துகளையும் செலுத்துகிறது. மரம் தோதாக இருந்தால் முட்டையையும் வைக்கிறது. பசை ஊசியிலைகளின் இயக்கத்தைக் குலைக்கிறது, பூஞ்சை மரத்தின் ஈரத்தை வற்றச் செய்கிறது, முட்டையிலிருந்து வரும் புழு அந்தப் பூஞ்சை ஊறிய மரத்தில் வளர்கிறது. பசையும் பூஞ்சையும் சேர்ந்தால்தான் மரம் சாகிறது.

இப்போது உங்கள் ட்ரோனுக்கு வருகிறேன். குளவி முதலில் தேர்ந்தெடுப்பது, பக்கத்து மரங்கள் ஓங்கி வளர்ந்துவிட்டதால் வெயில் கிடைக்காமல் பின்தங்கிய மெலிந்த மரத்தை. அதன் உச்சி மற்ற மரங்களின் கிளைகளுக்குக் கீழே கிடக்கிறது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஓங்கிய மரங்களின் உச்சி சிவந்து மேலிருந்து தெரியத் தொடங்கும்போது, கீழே குளவி இரண்டு மூன்று தலைமுறை பார்த்திருக்கும். சிவந்த உச்சி நமக்குச் சொல்வது போன கோடையில் நடந்து முடிந்த ஒன்றை. அப்போது வந்து தொலைபேசியில் எச்சரிப்பதால் என்ன பயன்?

5 பிப்ரவரி 2023

வாசனைப் பொறியைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போயிற்று. ஆல்ஃபா பைனீன் எழுபது பங்கு, பீட்டா பைனீன் முப்பது பங்கு கலந்த கவர்பொருளைக் கறுப்புப் பலகைப் பொறியிலோ புனல் பொறியிலோ தொங்கவிடுவது வழக்கம். குளவிகள் பெருகிய இடத்தில் அதில் விழத்தான் செய்கின்றன. ஆனால் அந்த மணம் பைன் மரத்தின் மணம்தான். தோப்பில் கிளை ஒடிந்த மரமும், வறட்சியில் வாடிய மரமும், நேற்று வெட்டிச் சாய்த்த மரமும் அதையே விடுகின்றன. கடைவீதி முழுக்க மல்லிகை மணக்கும்போது ஒரு கூடையை மட்டும் மோப்பம் பிடித்துத் தேடச் சொல்வது போன்றது அது. ஆகவே குளவி விழுந்த பொறி ஒரு செய்தி. வெறும் பொறி எந்தச் செய்தியும் அல்ல. எங்கள் பகுதியில் இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் வெறும் பொறியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள்.

9 பிப்ரவரி 2023

பொறிமரத்தை, அதாவது குளவியை வரவழைக்க நாமே நலியவைக்கும் மரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். செய்முறை இதுதான்.

பத்து வயதுக்கு மேற்பட்ட, இன்னும் நெருக்கம் குறைக்காத, அதாவது தின்னிங் செய்யாத தோப்பில், நெஞ்சுயரத்தில் பத்து முதல் இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள மரங்களைக் கூட்டமாகத் தேர்ந்தெடுக்கிறோம்; முன்பு பத்துப் பத்தாக, இப்போது பல இடங்களில் ஐந்தைந்தாக. குளவி பறக்கும் பருவத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால், அடிமரத்தைச் சுற்றிச் சிறு சிறு துளைகளிட்டு டைகாம்பா என்னும் களைக்கொல்லியை அளந்து செலுத்துகிறோம். மரம் மெல்ல மெல்ல நலிகிறது. நலியும் மரத்தின் மணமும் சாற்றின் அழுத்தமும் மாறுவதைக் குளவி கண்டுபிடித்துவிடுகிறது. அது ஊசியை இறக்கி மரத்தைச் சோதித்துப் பார்க்கும் பூச்சி. தோதில்லாத மரத்தில் ஒற்றைத் துளையிட்டுப் பசையையும் பூஞ்சையையும் மட்டும் விட்டுப் போய்விடும், தோதான மரத்தில் பக்கத்தில் பக்கத்தில் துளையிட்டு முட்டை வைக்கும். எந்தப் பொறியாலும் தர முடியாத ஒன்றைப் பொறிமரம் தருகிறது: வந்த குளவி அங்கேயே முட்டையிட்டுத் தங்கிவிடுகிறது. பிறகு அதே மரத்தைச் சாய்த்து, குளவியை மலடாக்கும் நூற்புழுவையும் அதிலேயே ஏற்றுகிறோம். கண்டுபிடிப்பதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் ஒரே மரம் உதவுகிறது.

ஐந்து மரத்தை நோகடிப்பது உங்களுக்கு உறுத்துகிறது என்றால், எனக்கும் முதல் ஆண்டில் உறுத்தியது. அவை தின்னிங்கில் எப்படியும் வெட்டப்பட வேண்டிய மரங்கள்.

10 பிப்ரவரி 2023

நேற்று எழுதியதைப் படித்தபோது, மிக எளிதான வேலை என்று தோன்றும்படி எழுதிவிட்டதாக உணர்ந்தேன். அதைத் திருத்த வேண்டும், ஏனெனில் இதில் நான் கண்ணாரக் கண்ட ஒரு தவறு உண்டு.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், ஆட்கள் கிடைக்கும் நாளைப் பார்த்து, பருவத்துக்கு வெகு முன்னாலேயே பொறிமரங்களுக்கு மருந்து வைத்துவிட்டோம். அளவும் சற்றுக் கூடிவிட்டது. மரங்கள் மெல்ல நலிவதற்குப் பதிலாக விரைவில் செத்துக் காய்ந்தன. குளவி பறக்கும் முன்பே ஐப்ஸ் கிராண்டிகாலிஸ் என்னும் பட்டை வண்டு, அதுவும் வட அமெரிக்காவிலிருந்து இங்கே வந்து சேர்ந்ததுதான், அந்தக் கூட்டம் முழுவதிலும் ஏறிவிட்டது. பட்டைக்கு அடியில் வண்டு குடைந்து, அது கொண்டுவந்த நீலப் பூஞ்சை பரவிய மரத்தில் சைரெக்ஸ் முட்டை வைப்பது அரிது. மார்ச் மாதம் நாங்கள் போய்ப் பார்த்து, குளவி ஊசி இறக்கிய இடத்தில் கசியும் பிசின் துளி ஒன்றுகூட இல்லாததால், "சைரெக்ஸ் இல்லை" என்று படிவத்தில் எழுதினோம். கையெழுத்து என்னுடையது. மறு ஆண்டு வசந்தத்தில் அந்த இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், சரிவின் மறுபக்கம், தோப்பின் ஒரு பகுதி முழுக்க மரங்கள் செம்பழுப்பாக நின்றன. "இல்லை" என்று நான் எழுதியது பொய் அல்ல, ஆனால் உண்மையும் அல்ல. "பார்க்க முடியவில்லை" என்று எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் படிவத்தில் வண்டு ஏறிய பொறிமரங்களுக்குத் தனி வரி கேட்டு வாங்கினேன்.

26 பிப்ரவரி 2023

"இவ்வளவு அஞ்சுவதற்கு அது என்ன செய்துவிட்டது" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

நியூசிலாந்தில் இதை 1900 வாக்கிலேயே பார்த்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் அடங்கியே இருந்தது. 1940களின் பிற்பகுதியில் வறட்சியும் தின்னிங் செய்யாத நெருக்கமும் சேர்ந்தபோது, சுமார் 1,20,000 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மரங்கள் செத்தன. 1952இல் தாஸ்மானியாவில் ஹோபார்ட் அருகே பிட்வாட்டர் தோப்பில் தென்பட்டது, 1961இல் விக்டோரியாவுக்கு வந்தது. எங்கள் பகுதியில், தெற்கு ஆஸ்திரேலியாவும் விக்டோரியாவும் சேரும் பசுமை முக்கோணத்தில், 1987 முதல் 1989 வரை மூன்றே ஆண்டில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களைக் கொன்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே குளவி இந்தப் பகுதியில் இருப்பது தெரியும். தெரிந்தும், நெருக்கமான தோப்புகள் அப்படியே நின்றன, நூற்புழுவை வேண்டிய அளவில் விடவில்லை. தேசிய அளவிலான கட்டுப்பாட்டுத் திட்டம் அந்தப் பேரழிவுக்குப் பிறகே உருவானது.

பழைய ஆட்கள் இன்னும் அந்த ஆண்டுகளைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தீ விபத்தைப் பற்றிப் பேசுவதுபோல் அல்ல. தீ ஒரே நாளில் வரும். இது வந்து, தங்கி, எல்லோர் கண் முன்னாலும் பெருகியது.

19 மார்ச் 2023

இன்று காலை நாங்கோரிப் பக்கம் ஒரு பொறிமரக் கூட்டத்தைப் பார்த்தேன். ஐந்தில் மூன்று மரங்களில் பிசின். அதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டவருக்காக எழுதுகிறேன்.

வெயில் சாய்வாக விழும் நேரத்தில், மரத்துக்கும் சூரியனுக்கும் இடையில் நிற்காமல், பக்கவாட்டில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஊசி இறங்கிய இடத்தில் குண்டூசித் தலையளவு துளி, சில மரங்களில் மெழுகு வழிந்ததுபோல் விரல் நீளக் கோடு. புதிய துளி கண்ணாடிபோல் இருக்கும், சில வாரங்களில் வெண்ணிறமாகிப் பொரிந்துவிடும். பெரும்பாலும் ஆள் உயரத்துக்கு மேல்தான் இருக்கிறது. அடியில் மட்டும் பிசின் வழிந்தால் அது நாங்கள் மருந்து வைத்த துளையாக இருக்கும், அல்லது வேறு காயம். சந்தேகமிருந்தால் அந்த இடத்தில் பட்டையை மட்டும் மெல்லச் சீவி எடுக்கிறேன். உள்ளே வெண்மரத்தில் ஊசிமுனையளவு புள்ளி, அதன் மேலும் கீழும் நார்ப்போக்கில் நீளும் மெல்லிய பழுப்புக் கோடு. அந்தக் கோடுதான் பூஞ்சை. இன்று பார்த்த ஓரிடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குள் நான்கு புள்ளிகள் நெருங்கி இருந்தன. மரம் தோதாக இருந்திருக்கிறது.

குளவி ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. ஆண் குளவிகள் மர உச்சிகளைச் சுற்றித் திரளும், பெண் அங்கேயே போய்ச் சேரும். வளர்ந்த குளவி எதையும் தின்பதில்லை, சேமித்த கொழுப்பில் சில நாள்கள் வாழ்ந்து முடிந்துவிடும். பூச்சியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்புவேன் என்பவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது.

2 ஏப்ரல் 2023

ஒருவர் தன் பண்ணையின் காற்றுத்தடுப்பு மரங்களில் துளைகள் இருப்பதாகவும், அது சைரெக்ஸ்தானா என்றும் கேட்கிறார். துளையின் வடிவத்தைப் பாருங்கள். சைரெக்ஸ் வெளியேறிய துளை, துளைப்பானால் இட்டதுபோல் நல்ல வட்டம். குளவியின் உடல் பருமனுக்கு ஏற்ப மூன்று முதல் எட்டு மில்லிமீட்டர்வரை, ஒரே மரத்திலேயே சிறிதும் பெரிதுமாக இருக்கும். நீள்கொம்பு வண்டின் துளை முட்டை வடிவம். பட்டை வண்டின் துளைகள் சல்லடைபோல் மிகச் சிறியவை, எல்லாம் ஒரே அளவு.

மரத்தைப் பிளக்க முடிந்தால் இன்னும் தெளிவு. சைரெக்ஸ் புழு சென்ற வழி நுண்ணிய மரத்தூளால் இறுக அடைபட்டிருக்கும். கத்தி முனையால் கிளறினால்தான் அது வழி என்றே தெரியும். புழு பாலேட்டு நிறம், லேசாக வளைந்த உடல், வால் நுனியில் கறுப்பாக ஒரு முள். அந்த முள்ளைப் பார்த்துவிட்டால் வேறு ஐயம் வேண்டாம்.

உங்கள் படத்தில் இருப்பவை முட்டை வடிவமாகத் தெரிகின்றன. இருந்தாலும் ஒரு துண்டை அறுத்துப் பாருங்கள். நலிந்த மரத்தில் இரண்டு பூச்சிகளும் ஒன்றாக இருப்பதுண்டு.

14 மே 2023

முதல் நாள் நான் எழுதியதில் ஒன்றைத் திரும்பப் பெற வேண்டும். சிவந்த உச்சியைப் பார்ப்பதால் என்ன பயன் என்று சற்று வேகமாகக் கேட்டுவிட்டேன். பயன் உண்டு. இந்தக் கோடையில் தாக்கப்பட்ட மரம் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் நிறம் மாறும்போது, புழு இன்னும் மரத்துக்குள்தான் இருக்கிறது. பெரும்பாலானவை அடுத்த கோடையில் வெளிவரும், சில இரண்டாண்டுகூட எடுக்கும். ஆகவே ஆகஸ்டில் வானிலிருந்து குறித்த மரத்தை டிசம்பருக்குள் அணுக முடிந்தால், அந்த மரத்தைப் பொறுத்தவரை நாம் தாமதமாகவில்லை. பரந்த நிலப்பரப்பில் எந்தத் தோப்புக்கு முதலில் நடக்க வேண்டும் என்று சொல்ல வான்வழிப் பார்வையை விடச் சிறந்தது வேறில்லை. ஹெலிகாப்டரில் ஒரு காலைப் பொழுதில் பார்ப்பதை நான் நடந்து பார்க்க மாதங்கள் ஆகும்.

நான் விடாமல் சொல்வது வேறு. வானிலிருந்து தெரிவது பெருக்கம். புகுந்ததைத் தெரிந்துகொள்வதற்கு அது உதவாது. மேலும் சிவப்பு என்பது பூச்சியின் பெயர் அல்ல. போன வாரம் ட்ரோன் படத்தில் குறித்துத் தந்த ஒன்பது இடங்களுக்குப் போனேன். இரண்டில் சைரெக்ஸ், மூன்றில் ஐப்ஸ் மட்டும், ஒன்றில் இடி விழுந்த வட்டம், மற்ற மூன்றும் சுண்ணாம்புப் பாறை மேலெழுந்து மண் ஆழமில்லாத மேட்டில் வறட்சியில் காய்ந்தவை. ஒன்பதும் திரையில் ஒரே நிறம். கோடரி எடுத்துப் போகாமல் இதைப் பிரித்திருக்க முடியாது.

11 ஜூன் 2023

பொறிமரங்களைச் சாய்க்கும் வேலை தொடங்கிவிட்டது. நூற்புழுவை ஏற்றும் முன் சில மரங்களை விலக்கி வைத்து, மாதிரித் துண்டுகள் எடுக்கிறோம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒரே மரத்தின் மேல்துண்டும் நடுத்துண்டும் அடித்துண்டும் மூன்று வேறு மரங்கள்போல் நடந்துகொள்கின்றன. மேலே மெலிந்து விரைவில் காய்கிறது, நடுவில் குளவியின் கை ஓங்குகிறது, அடியில் ஈரம் நெடுநாள் தங்குகிறது. நூற்புழு ஈரமான மரத்தில்தான் பூஞ்சையைத் தின்றுகொண்டு நகரும், காய்ந்த மரத்தில் நகராது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் 2000களின் நடுவில் முதலில் நூற்புழு ஏற்றியபோது அது சரியாகப் பற்றாமல் போனதற்கு மரத்தின் ஈரக்குறைவையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆகவே மூன்று மட்டத்திலும் துண்டு எடுத்து, வெளிவரும் குளவிகளைப் பிடிக்கத் தனித்தனிப் பீப்பாயில் போட்டு, வாயை வலையால் கட்டி, மரத்தின் எண்ணையும் மட்டத்தையும் எழுதி வைக்கிறோம். எண் எழுதாத துண்டு வெறும் விறகு.

12 ஜூன் 2023

நூற்புழு விட்டாயிற்று, அது தானாகப் பரவும், பிறகு எதற்குச் சோதிக்க வேண்டும் என்பதற்குப் பதில்: இங்கே ஒரு முறை ஏமாந்திருக்கிறோம். டெலாடினஸ் சிரிசிடிகோலா என்னும் இந்த நூற்புழுவை 1962இல் நியூசிலாந்தில் கண்டுபிடித்தார்கள். அது இரண்டு உருவில் வாழ்கிறது. ஒன்று பூஞ்சையைத் தின்பது, மற்றொன்று குளவிப் புழுவுக்குள் புகுவது. ஆய்வகத்தில் பூஞ்சையிலேயே இருபது ஆண்டுகள் வளர்த்துக்கொண்டே வந்ததில், குளவிக்குள் புகும் உருவை எடுக்கும் திறனை அது இழந்துவந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஏறத்தாழ எல்லாக் குளவியையும் மலடாக்கிய இனம், நான்கில் ஒன்றைக்கூட மலடாக்காத நிலைக்கு வந்தது. பிறகு, தாஸ்மானியாவில் முன்பு விடப்பட்டுக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த நூற்புழுவைக் கமோனா என்னும் இடத்திலிருந்து மீட்டெடுத்தார்கள். இன்று ஏற்றுவது அந்தக் கமோனா இனம். குளவியை அறுத்துப் பார்ப்பவர்கள் இருந்ததால்தான் சரிவு தெரிந்தது.

20 ஆகஸ்ட் 2023

தோப்புக்கு வரும் முன்பே துறைமுகத்தில் பிடிக்க முடியாதா என்ற கேள்வி நியாயமானது. சரக்குப் பெட்டிகளின் மரச்சட்டங்களை நடுமையம்வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்க வேண்டும், அல்லது புகையூட்ட வேண்டும் என்னும் பன்னாட்டு விதி 2002 முதல் இருக்கிறது; சட்டத்தில் குத்தப்பட்ட முத்திரையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது வரத்தைக் குறைக்கிறது, நிறுத்துவதில்லை. எனவே துறைமுக ஊரின் பூங்கா மரங்களே முதல் காவல். கிரேக்கப் பகுதியைச் சேர்ந்த பெரும் பைன் செதிற்பூச்சி 2014இல் ஆஸ்திரேலியாவில் தென்பட்டது தோப்பில் அல்ல, மெல்போர்ன், அடிலெய்டு நகரங்களின் தெரு மரங்களில்.

அமெரிக்காவில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பொறிகளைக் குறைத்துப் பேசிய எனக்கு அது மறுப்பு. நியூயார்க் மாநிலத்தின் ஃபுல்டன் அருகே 2004 செப்டம்பரில் பட்டை வண்டுகளுக்காக வைத்த ஒரு புனல் பொறியில் ஒரே ஒரு சைரெக்ஸ் பெண் விழுந்தது. தேடாத பூச்சி, தேடாத இடத்தில். ஆனால் அது இன்னதென்று அறிந்தது 2005 பிப்ரவரியில், சேகரித்த பூச்சிகளைப் பிரித்துப் பார்த்தபோது. அந்த ஆண்டுத் தேடலில், குளவி அங்கே முன்பே பரவி வேரூன்றியிருந்தது தெரியவந்தது. பொறி தன் வேலையைச் செய்தது. குடுவையைத் திறந்து, ஒரு கருநீல உடலையும் செம்மஞ்சள் கால்களையும் பார்த்து, "இது இந்த ஊருடையது அல்ல" என்று சொல்லத் தெரிந்த கண்ணுக்காக அது காத்திருந்தது. பொறிக்குச் செலவிடுபவர்கள் அந்தக் கண்ணுக்கும் செலவிட வேண்டும். எங்கள் பகுதியில் அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். அந்த இடங்களை நிரப்புவதில்லை.

7 ஜனவரி 2024

பீப்பாய்களிலிருந்து குளவிகள் வரத் தொடங்கி இரண்டு வாரமாகிறது. முதலில் ஆண்கள், வயிற்றின் நடுவில் செம்மஞ்சள் பட்டையோடு, பிறகு பெண்கள். ஜூனில் எடுத்த நாங்கோரித் துண்டுகளிலிருந்து இதுவரை பதினொரு பெண்கள்.

இன்று அவற்றை ஒவ்வொன்றாக நீரிட்ட கண்ணாடித் தட்டில் வைத்துத் திறந்தேன். நலமான பெண்ணின் முட்டைகள் நெல்மணிபோல் நீண்டு, வழுவழுப்பாக, ஒன்றையொன்று ஒட்டாமல் நீரில் பிரிகின்றன. நூற்புழு ஏறியவளின் முட்டையைக் கீறியதும் நுண்ணோக்கியில் அது பிரிந்து, உள்ளிருந்து மெல்லிய நூல்கள் நெளிந்துகொண்டு வெளியே வருகின்றன. அவள் மற்றவர்களைப் போலவே பறந்து போய், மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஊசியை இறக்கி, நல்ல முட்டைக்குப் பதிலாக நூற்புழு நிறைந்த மலட்டு முட்டையை வைத்துவிட்டு வருவாள். பதினொன்றில் நான்கு பேர் அப்படி இருந்தார்கள். அந்த மரங்களில் நாங்கள் நூற்புழு ஏற்றவில்லை. சுற்றுப்புறத்திலிருந்து தானாக வந்து சேர்ந்திருக்கிறது.

நால்வரும் அடித்துண்டுப் பீப்பாயிலிருந்து வந்தவர்கள். மேல்துண்டுப் பீப்பாயிலிருந்து வந்த மூவரும் நலமாக இருக்கிறார்கள். வரும் அக்டோபரில் நாங்கோரியில் ஒரு பொறிமரக் கூட்டத்துக்குப் பதில் மூன்று வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், சரிவின் மறுபக்கத்தையும் சேர்த்து.